வெயில் படாத தோட்டம்

நாம் உண்ணும் எதை வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளுங்கள். கொஞ்சம் பின்னோக்கிப் போனால் அது வெயிலில் போய் முடியும். சோறு நெல்லிலிருந்து வந்தது. நெல் வெயிலில் விளைந்தது. கோழி தின்ற சோளமும் வெயிலில் விளைந்ததுதான். சம்பலில் போடும் நெத்திலி கடலில் பிடிபட்டதாயிற்றே என்று கேட்கலாம். நெத்திலி தின்றது கடல்நீரில் மிதக்கும் சின்னஞ்சிறு பிராணிகளை. அந்தப் பிராணிகள் தின்றது வெயிலில் வளரும் கண்ணுக்குத் தெரியாத பாசிகளை. நாம் கோடு போட்டு வெட்டுகிறோமே பால்மரம், அதுவும் இலையில் விழும் வெயிலைக் கொண்டு சர்க்கரை செய்து, அதில் ஒரு பங்கைத்தான் பாலாக மாற்றி மங்கில் இறக்குகிறது.

ஆரம்பப் பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளையைக் கேட்டால் உணவுச் சங்கிலி என்ற பாடத்தை ஒப்பிக்கும். முதலில் சூரியன், அடுத்துப் புல், பிறகு வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து. இந்த வரிசையில் முதலில் இருக்கும் சூரியனை அழித்துவிட்டால் மீதி எல்லாம் தானாக அழிந்துவிடும். உலகத்து விஞ்ஞானிகள் எல்லோரும் 1977 வரை இப்படித்தான் நினைத்திருந்தார்கள். அந்த ஆண்டு பிப்ரவரி மாதத்தில், சூரிய ஒளியின் ஒரு துளிகூட எட்டாத கடலடியில், ஒரு தோட்டமே செழித்துக் கிடப்பதைக் கண்டார்கள். அந்தத் தோட்டத்தைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

எட்டாயிரம் அடிக்குக் கீழே

கடலுக்குள் இறங்க இறங்க வெளிச்சம் குறைந்துகொண்டே போகும். 200 மீட்டரைத் தாண்டினால் செடி, பாசி வளரப் போதுமான வெளிச்சம் இல்லை. 1,000 மீட்டரைத் தாண்டினால் கும்மிருட்டு. நாம் சொல்லப் போகும் இடம் 2,500 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. நம் தீபகற்பத்தின் மிக உயரமான மலையான குனோங் தஹானை அப்படியே பெயர்த்து அங்கே வைத்தாலும், அதன் உச்சிக்கு மேல் இன்னும் 300 மீட்டர் தண்ணீர் நிற்கும்.

அந்த ஆழத்தில் குளிர் அதிகம். தண்ணீர் 2 பாகை செல்சியஸ்தான். தண்ணீரின் பாரமோ சொல்ல வேண்டியதில்லை. கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒவ்வோர் இடத்தின் மீதும் ஏறக்குறைய 250 கிலோ எடை அழுத்தும். அதாவது 10 கிலோ அரிசி மூட்டைகள் 25-ஐ ஒரே நகத்தின் மேல் அடுக்கியது போல. இருட்டு, குளிர், அழுத்தம் என்ற இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் உயிர்கள் அதிகம் இருக்க முடியாது என்று எண்ணியதில் தவறில்லை. மேலே செத்து விழும் மீன்களையும் மற்ற எச்சங்களையும் தின்று பிழைக்கும் சில பிராணிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். மற்றபடி அது பாலைவனம்.

1977-இல் அங்கே போனவர்கள் உயிர்களைத் தேடிப் போகவில்லை. அவர்கள் பூமியின் பாறைகளை ஆராய்கிறவர்கள். கடலடியில் 65,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. பூமியின் மேலோடு அங்கே பிளந்து இரு பக்கமும் மெல்ல விலகுகிறது. பிளவுக்குக் கீழே பாறைக் குழம்பு கொதித்துக் கொண்டிருப்பதால், அங்கே வெந்நீர் ஊற்றுகள் இருந்தே தீரவேண்டும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். அந்த ஊற்றைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். இடம், தென் அமெரிக்காவுக்கு மேற்கே, பசிபிக் கடலில், காலாபகோஸ் தீவுகளுக்கு அருகே.

முதலில் ஆளில்லாத ஒரு புகைப்படக் கருவியைக் கம்பியில் கட்டிக் கடலடிக்கு மேலே இரவெல்லாம் இழுத்துச் சென்றார்கள். அது தண்ணீரின் சூட்டையும் அளந்துகொண்டே போனது. நள்ளிரவில், ஓரிடத்தில் மட்டும், மூன்று நிமிடத்துக்கும் குறைவான நேரம் சூடு சற்றே ஏறி இறங்கியது. மறுநாள் படச்சுருளைக் கழுவிப் பார்த்தார்கள். சுமார் 3,000 படங்களிலும் வெறும் கரும்பாறைதான். சூடு ஏறிய அந்தக் கணத்தில் எடுத்த 13 படங்களில் மட்டும் நூற்றுக்கணக்கான பெரிய வெள்ளை மட்டிகள் நெருக்கியடித்துக் கொண்டிருந்தன!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதற்கு முந்திய ஆண்டே வேறொரு கப்பல் அந்தப் பகுதியில் எடுத்த படங்களில் மட்டி ஓடுகளும் ஒரு பீர் டின்னும் தெரிந்தன. ஏதோ கப்பலில் போனவர்கள் விருந்து சாப்பிட்டுவிட்டு வீசிய குப்பை என்று எண்ணி, அந்த இடத்துக்கு ‘மட்டி விருந்து’ என்ற பொருளில் விளையாட்டாகப் பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

1977 பிப்ரவரி 17-ஆம் நாள் ‘ஆல்வின்’ என்ற சிறிய நீர்மூழ்கிக் கலத்தில் மூன்று பேர் இறங்கினார்கள். கலத்தை ஓட்டியவர் ஜாக் டொன்னெலி. உடன் சென்றவர்கள் ஜாக் கோர்லிஸ், தியேர்ட் வான் ஆண்டெல் என்ற நிலவியல் அறிஞர்கள். ஆல்வினில் மூன்று பேர் முழங்கால் இடிக்க உட்காரும் அளவுக்குத்தான் இடம் உண்டு. அடி வரை போய்ச் சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். கீழே விளக்கைப் போட்டதும் பாறை வெடிப்புகளில் கானல் போலத் தண்ணீர் நெளிந்து மேலே எழுவது தெரிந்தது. அதைச் சுற்றி மட்டிகள், சிப்பிகள், வெள்ளை நண்டுகள். ஆழ்கடல் என்றால் பாலைவனம் மாதிரி இருக்க வேண்டாமா, இங்கே இத்தனை பிராணிகள் இருக்கின்றனவே என்று கோர்லிஸ் மேலே கப்பலில் இருந்தவர்களுக்குச் செய்தி சொன்னாராம்.

மேலே கப்பலில் உயிரியல் படித்தவர் ஒருவர்கூட இல்லை. பிடித்து வந்த பிராணிகளைக் கெடாமல் வைக்கப் போதுமான மருந்தும் இல்லை. கடைசியில் பனாமாவில் வாங்கி வைத்திருந்த ரஷ்ய வோட்காவில் ஊறப் போட்டுத்தான் சிலவற்றைக் கரை சேர்த்தார்கள். நம் பக்கத்தில் சம்சு போத்தல்கள் இப்படி ஓர் உருப்படியான காரியத்துக்குப் பயன்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த வெந்நீரைப் போத்தலில் பிடித்து வந்து கப்பலில் திறந்தபோது, எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். கூமுட்டை நாற்றம்! விடுகதையின் விடை அந்த நாற்றத்தில்தான் இருந்தது.

ஊற்று எப்படிப் பிறக்கிறது?

பேராக்கில் சுங்கை கிளாவுக்கோ, சிலாங்கூரில் செலாயாங்குக்கோ, சிங்கப்பூரில் செம்பாவாங்குக்கோ போய் வெந்நீரில் காலை நனைத்து, முட்டை அவித்துத் தின்று வந்தவர்கள் வாசகர்களில் பலர் இருப்பீர்கள். நம் ஊற்றுகள் எரிமலையால் வந்தவை அல்ல. ஆழத்தில் உள்ள பாறையின் சூட்டால் வருபவை. கடலடி ஊற்றுக்கு அடியில் இருப்பதோ உருகிய பாறைக் குழம்பு.

கடல்நீர் பாறை வெடிப்புகளின் வழியாகக் கீழே இறங்குகிறது. குழம்பை நெருங்க நெருங்கச் சூடேறுகிறது. சூடேறிய நீர் பாறையில் உள்ள இரும்பு, செம்பு, துத்தநாகம், கந்தகம் ஆகியவற்றைக் கரைத்துக்கொண்டு மறுபடியும் மேலே சீறி வருகிறது. வெளியே இருப்பதோ 2 பாகைக் குளிர்நீர். சூடான நெய்யைக் குளிர்ந்த நீரில் ஊற்றினால் உறைவது போல, கரைந்திருந்த தாதுக்கள் அந்தக் கணமே பொடிப்பொடியாகப் பிரிகின்றன. பார்ப்பதற்கு அது ஆலைப் புகைபோக்கியிலிருந்து கிளம்பும் கரும்புகை மாதிரியே இருக்கும். அந்தப் பொடி படிந்து படிந்து உண்மையிலேயே ஒரு புகைபோக்கி எழும்பிவிடுகிறது.

1977-இல் கண்ட ஊற்றுகள் வெதுவெதுப்பானவை. கரும்புகை கக்கும் ஊற்றை முதன்முதலில் கண்டது 1979-இல், மெக்சிகோ நாட்டுக்கு அப்பால் உள்ள கடலில். ஆல்வின் கலத்திலிருந்து வெப்பமானியை அந்தப் புகைக்குள் நீட்டினார்கள். எடுத்துப் பார்த்தால் வெப்பமானியைத் தாங்கியிருந்த பிளாஸ்டிக் கோல் உருகிப் போயிருந்தது. பிறகு வேறு கருவி கொண்டு அளந்ததில், சூடு ஏறக்குறைய 350 பாகை என்று தெரிந்தது. நம் அடுப்பில் 100 பாகையில் தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும். குக்கரை மூடி அழுத்தம் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் அதிகச் சூட்டில்தான் கொதிக்கும். கடலடியிலோ இரண்டரை கிலோமீட்டர் தண்ணீரே மூடியாக உட்கார்ந்திருக்கிறது. அதனால் 350 பாகையிலும் தண்ணீர் ஆவியாகாமல் தண்ணீராகவே பாய்கிறது.

வாய் இல்லாத புழு

அங்குள்ள பிராணிகளில் எல்லோரையும் திகைக்க வைத்தது குழாய்ப்புழு. வெள்ளைக் குழாய்க்குள் உடலை மறைத்துக்கொண்டு, இரத்தச் சிவப்பான ஒரு குஞ்சத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சாதாரணப் புழு என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு மீட்டருக்கும் மேல் வளரும். வீட்டில் மிக உயரமான ஆளைவிட உயரம். நூற்றுக்கணக்கில் புதர் புதராக நிற்கும். அப்படி ஒரு கூட்டத்துக்கு ஆராய்ச்சியாளர்கள் ‘ரோஜாத் தோட்டம்’ என்றே பெயர் வைத்தார்கள்.

வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த மெரிடித் ஜோன்ஸ் இந்தப் புழுவை அறுத்துப் பார்த்தார். வாயைக் காணோம். வயிற்றைக் காணோம். குடலும் இல்லை, கழிவு வெளியேற வழியும் இல்லை. பிறகு எதைத் தின்று இந்த உயரம் வளர்ந்தது? உடலுக்குள் பெரும்பகுதியை ஒரு பஞ்சு போன்ற உறுப்பு அடைத்துக்கொண்டிருந்தது. அது எதற்கு என்று தெரியவில்லை. அதற்குள் சின்னச் சின்னக் கந்தகத் துணுக்குகள் கிடந்தன.

1980-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜோன்ஸ் இதைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். கந்தகம் என்ற சொல் காதில் விழுந்ததும், கேட்டுக்கொண்டிருந்த மாணவிகளில் ஒருவரான கோலீன் கவனா எழுந்து நின்றுவிட்டார். அந்த உறுப்புக்குள் நுண்ணுயிர்கள் குடியிருக்க வேண்டும், அவைதான் கந்தகத்தைக் கொண்டு புழுவுக்கு உணவு சமைக்க வேண்டும் என்றார். ஜோன்ஸ் ஒரு துண்டை அவரிடம் கொடுத்தார். சோதித்துப் பார்த்தால் மாணவி சொன்னது சரி. ஒரு கிராம் அளவிலேயே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள்! 1981-இல் அது அறிவியல் ஏட்டில் வெளியாயிற்று. இன்னும் மாணவியாகவே இருந்த ஒரு பெண், பெரியவர்கள் நிறைந்த சபையில் எழுந்து பேசத் துணிந்ததை நம் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டலாம்.

கந்தகம் நமக்குப் புதிதல்ல. பால்மரம் இலையுதிர்த்துத் துளிர்விடும் காலத்தில், பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கத் தோட்டங்களில் கந்தகத் தூள் அடிப்பதைப் பழைய ஆட்கள் அறிவார்கள். நாம் வெட்டிய பால் டயராக மாற வேண்டுமானாலும் அதோடு கந்தகம் சேர்த்துச் சூடேற்றியாக வேண்டும். ஊற்றில் வரும் கூமுட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவுடையது. அதில் ஹைட்ரஜனும் கந்தகமும் இருக்கின்றன. பாக்டீரியா இந்த வாயுவைப் பிராணவாயுவோடு சேர்த்து, ஒருவகையில் எரிக்கிறது. விறகு எரிந்தால் சூடு கிடைப்பது போல, அதிலிருந்து ஒரு சக்தி கிடைக்கிறது. அந்தச் சக்தியைக் கொண்டு, தண்ணீரில் கரைந்துள்ள கரியமிலவாயுவைச் சர்க்கரையாக மாற்றுகிறது. இலை வெயிலைக் கொண்டு செய்யும் அதே வேலையைத்தான் இது நாற்றத்தைக் கொண்டு செய்கிறது! இலை செய்வதை ஒளிச்சேர்க்கை என்கிறோம். இதை வேதிச்சேர்க்கை என்கிறார்கள். இப்படிச் செய்யும் பாக்டீரியா உண்டு என்பதை வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி 1880-களிலேயே கண்டு சொல்லியிருந்தார். ஆனால் இதை நம்பி ஒரு தோட்டமே வாழும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

புழுவின் குடும்ப ஏற்பாட்டைப் பாருங்கள். தண்ணீர், விறகு, அரிசி எல்லாம் கொண்டுவந்து கொடுப்பது புழு. அதன் சிவப்புக் குஞ்சம் ஒருபக்கம் பிராணவாயுவையும் மறுபக்கம் ஹைட்ரஜன் சல்பைடையும் பிடித்து, இரத்தத்தில் ஏற்றி உள்ளே அனுப்புகிறது. உள்ளே குடியிருப்பவர்கள் சமைக்கிறார்கள். வீட்டுக்காரர் சாப்பிடுகிறார். வாடகை இல்லை, சண்டை இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு நமக்குக் கொடிய விஷம். இரத்தம் கொண்டுவரும் பிராணவாயுவை உடல் பயன்படுத்த முடியாமல் செய்துவிடும். கொஞ்சமாக இருக்கும்போது நாற்றம் காட்டி எச்சரிக்கும். அதிகமானால் மூக்கே மரத்துப் போய் நாற்றம் தெரியாது. மூடிக் கிடந்த கழிவுத் தொட்டிக்குள் இறங்கிய ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்கப் போனவரும் மாண்டுபோன செய்தியைப் பத்திரிகையில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! செம்பனை ஆலைக் கழிவுக் குளங்களிலும் இந்த வாயு உண்டு. நாற்றம் நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று யாரும் இறங்க வேண்டாம். குழாய்ப்புழுவின் இரத்தத்தில் உள்ள சிவப்புப் பொருள் நம்முடையதைப் போன்றதுதான். ஆனால் பிராணவாயுவுக்கு ஓரிடம், விஷவாயுவுக்கு வேறோரிடம் என்று பிரித்து வைத்துச் சுமப்பதால் புழுவுக்குத் தீங்கில்லை.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் சூரியனே தேவையில்லையா என்று கேட்கத் தோன்றும். அவ்வளவு தூரம் போய்விட வேண்டாம். பாக்டீரியா எரிக்கிறதே, அதற்கு வேண்டிய பிராணவாயு எங்கிருந்து வந்தது? மேலே வெயிலில் வாழும் பாசிகளும் செடிகளும் வெளியிட்டதுதான் கடல்நீரில் கரைந்து கீழே வருகிறது. அந்த ஒரு நூலிழையில் கடலடித் தோட்டமும் சூரியனோடு இணைந்தே இருக்கிறது. அந்த இழையும் வேண்டாத நுண்ணுயிர்கள் சில ஊற்றுகளில் உண்டு. அவை ஹைட்ரஜனையும் கரியமிலவாயுவையும் வைத்தே பிழைத்துக்கொள்ளும். பூமியில் முதல் உயிர் தோன்றியதே இத்தகைய ஊற்றில்தான் இருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம். வேறு அறிஞர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை.

மற்ற குடித்தனக்காரர்கள்

நாம் வாங்கும் கெராங் கட்டைவிரல் அளவு. அங்குள்ள வெள்ளை மட்டி கிட்டத்தட்ட ஓரடி நீளம்; பிளந்தால் சதை இரத்தச் சிவப்பு. அட்லாண்டிக் கடலின் ஊற்றுகளில் குழாய்ப்புழுக் காடு இல்லை. அங்கே இறால்தான் ராஜா. ஒரு சதுர மீட்டரில் ஆயிரக்கணக்கில், தேனீக்கூட்டம் போல மொய்த்துக் கிடக்கும். அந்த இறாலுக்கு முகத்தில் கண் இல்லை. முதுகில் ஒளியை உணரும் ஒரு பட்டை இருக்கிறது. இருட்டில் அது எதற்கு என்று ஆராயப் போன சிண்டி வான் டோவர் என்ற பெண் விஞ்ஞானி, கொதிக்கும் ஊற்றிலிருந்து மனிதக் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலான ஓர் ஒளி வருவதைக் கண்டறிய வழிவகுத்தார். இவர்தான் பின்பு 1990-இல் ஆல்வினை ஓட்டத் தேர்ச்சி பெற்ற முதல் பெண். அடுப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்து, வெந்து போகாத தூரத்தில் நிற்க அந்தப் பட்டை உதவுகிறது என்று எண்ணுகிறார்கள்.

ஊற்றில் பிடித்த ஒரு நுண்ணுயிர் 121 பாகையில் வைத்தும் சாகாமல் பெருகியதை 2003-இல் கண்டார்கள். ஆஸ்பத்திரியில் கத்தி கத்தரிக்கோலைக் கிருமி நீக்க வைக்கும் சூடு அதுதான்.

இந்தியப் பெருங்கடலின் ஊற்றுகளில் 2001-இல் ஒரு நத்தையைக் கண்டெடுத்தார்கள். அதன் பாதம் முழுவதும் மீன் செதில் போல இரும்பும் கந்தகமும் கலந்த தகடுகள்! இரும்புக் கவசம் போட்ட பிராணி வேறெதுவும் இதுவரை அகப்படவில்லை. இந்த நத்தையின் பெயர் கடைசியில் மறுபடியும் வரும்.

அடுப்பு அணைந்தால்...

ஊற்று நிரந்தரமானதல்ல. பாறை நகர்ந்து வெடிப்பு அடைபட்டால் வெந்நீர் நின்றுவிடும். வெந்நீர் நின்றால் வாயு இல்லை. வாயு இல்லையேல் பாக்டீரியாவுக்கு வேலை இல்லை. புழுவுக்குச் சோறு இல்லை. அசையாமல் ஒரே இடத்தில் வேரூன்றிய புழு எழுந்து போகவும் முடியாது. சில ஊற்றுகள் பத்து, இருபது ஆண்டுகளில் அணைந்துவிடுகின்றன. சிலவற்றின் மேல் பாறைக் குழம்பே வழிந்து மூடிவிடுகிறது. முன்னே சொன்ன ரோஜாத் தோட்டத்தைப் பார்க்க 2002-இல் மறுபடியும் போனார்கள். தோட்டம் இருந்த இடத்தில் புதிதாக உறைந்த கரும்பாறைதான் இருந்தது. சற்றுத் தள்ளி ஒரு வெடிப்பில், விரல் நீளப் புழுக்குஞ்சுகள் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தன. அதற்கு ‘ரோஜா மொட்டு’ என்று பெயரிட்டார்கள்.

அந்தக் குஞ்சுகள் எங்கிருந்து வந்தன? பெரிய புழுக்கள் விடும் முட்டைகள் தண்ணீரில் பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளாக நீரோட்டத்தில் மிதந்து போகின்றன. பிறக்கும்போது அவற்றுக்குச் சமைத்துப் போடும் பாக்டீரியா உள்ளே இல்லை. கட்டுச்சோறு மாதிரி முட்டையில் இருந்த கொழுப்பு மட்டும்தான். ஆய்வுக்கூடத்தில் பார்த்ததில், அந்தக் கட்டுச்சோறு சராசரி 38 நாட்களுக்குத் தாங்குகிறது. அதற்குள் இன்னோர் ஊற்றில் போய் ஒட்டிக்கொண்டு, அங்குள்ள பாக்டீரியா தோல் வழியாக உள்ளே புகுந்து குடியேற வேண்டும். இல்லாவிட்டால் கதை முடிந்தது. தோட்டத்தை விற்றாகிவிட்டது, இத்தனை தேதிக்குள் லயத்தைக் காலி செய்யுங்கள் என்று கடிதம் வந்து, கையிருப்பு கரையும் முன் வேலையும் வீடும் தேடி அலைந்த குடும்பங்களுக்கு இந்த 38 நாள் கணக்கின் பொருள் நன்றாகப் புரியும்.

ஆனாலும் குடியேறுகின்றன. மெக்சிகோவுக்குத் தெற்கே பசிபிக் கடலடியில் ஓரிடத்தில் 1991 ஏப்ரலில் எரிமலை வெடித்தது. உடனே இறங்கிப் பார்த்தவர்கள் வெந்து கருகிய புழுக்களைக் கண்டார்கள். ஓராண்டுக்குள் டெவ்னியா என்ற சிறிய வகைக் குழாய்ப்புழு வந்து ஒட்டிக்கொண்டது. 1993 முடிவதற்குள் பெரிய வகை வந்து ஒன்றரை மீட்டர் வளர்ந்துவிட்டது. முதுகெலும்பில்லாத கடல் பிராணிகளில் இவ்வளவு வேகமாக வளர்வதைப் பார்ப்பது அரிது. 2006 தொடக்கத்தில் அதே இடத்தில் மீண்டும் வெடிப்பு. மீண்டும் எல்லாம் போயிற்று. இந்த முறை வந்து குடியேறியவற்றில் ஒரு சிறு நத்தையினம், 300 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மிதந்து வந்தது என்று கணித்தார்கள். 2025 ஏப்ரலில் மூன்றாம் முறை. அப்போது ஆல்வின் அங்கேயே இருந்தது. முதல் நாள் இறங்கியவர்கள் புழுக்கூட்டம் செழிப்பாக நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். மறுநாள் இறங்கியவர்கள் பார்த்தது புதுப் பாறையையும், அதன் இடுக்கில் தணலாக ஒளிரும் குழம்பையும்தான்.

சுரங்கக்காரர்களின் கண்

எரிமலையைத் தாங்கும் இந்தத் தோட்டத்துக்கு மனிதன் பெரிய ஆபத்தா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். புகைபோக்கியில் படிந்திருப்பது வெறும் கரி அல்ல. செம்பு, துத்தநாகம், வெள்ளி, தங்கம் எல்லாம் அதில் உண்டு. நிலத்தில் தோண்டித் தோண்டி அலுத்த கம்பெனிகளுக்கு அதன் மேல் கண்.

பாப்புவா நியூகினி அரசாங்கம் 2011-இல் ஒரு கனடா கம்பெனிக்கு அனுமதி கொடுத்தது. 1,600 மீட்டர் ஆழத்தில் உள்ள ஊற்றுப் படிவத்தை இயந்திரங்களால் வெட்டி, குழாய் மூலம் கப்பலுக்கு இறைப்பது திட்டம். இயந்திரங்களையும் செய்து முடித்தார்கள். அரசாங்கமும் பங்கு வாங்கியது. ஒரு கைப்பிடித் தாதுகூட வணிகத்துக்கு எடுக்காமல் 2019-இல் கம்பெனி நொடித்தது. ஏழை நாடு போட்ட பணமும் போயிற்று. நார்வே 2024 ஜனவரியில் தன் கடலடியைத் திறந்துவிட முடிவு செய்து, அந்த ஆண்டு முடிவதற்குள் உரிமம் வழங்குவதை நிறுத்தி வைத்தது. கனடாவோ 2003-லேயே தன் கரைக்கு அப்பாலுள்ள எண்டேவர் ஊற்றுகளைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்துவிட்டது.

நமக்கு அருகே உள்ள இந்தியப் பெருங்கடலிலும் வேலை நடக்கிறது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலடியை, ஜமைக்காவில் இருந்து இயங்கும் அனைத்துலகக் கடலடி ஆணையம் மேற்பார்வையிடுகிறது. அதனோடு இந்தியா 2016-இல் ஒப்பந்தம் செய்து ஊற்றுப் படிவங்களை ஆராய்கிறது. சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் இதில் பங்கு கொள்கிறது. 2024 டிசம்பரில் 4,500 மீட்டர் ஆழத்தில் ஓர் ஊற்றைப் படம் பிடித்துக் காட்டினார்கள். ஆராய்வது வேறு, வெட்டுவது வேறு என்பதை மறக்கக்கூடாது; இவர்கள் செய்வது ஆராய்ச்சிதான்.

அணைந்துபோன பழைய ஊற்றுகளை மட்டும் வெட்டுவோம், உயிருள்ளதைத் தொடமாட்டோம் என்று கம்பெனித் தரப்பில் சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அதில் முழு நம்பிக்கை வரவில்லை. அணைந்தது என்று நினைத்தது மறுபடி எரிவதுண்டு. வெட்டும்போது எழும் சேறு நீரோட்டத்தில் எங்கே போய்ப் படியும் என்பதை யார் தடுப்பது? எரிமலை ஓரிடத்தை அழித்தால் பக்கத்து ஊற்றிலிருந்து குஞ்சுகள் வருகின்றன. பக்கத்து ஊற்றையும் மனிதன் வெட்டிவிட்டால் 38 நாளில் அவை எங்கே போய்ச் சேரும்? போதாததற்கு, 2023-இல் பசிபிக் கடலடியில் பாறைப் பலகையொன்றைப் புரட்டிப் பார்த்தவர்கள், அதற்கு அடியில் உள்ள வெதுவெதுப்பான பொந்துகளிலும் குழாய்ப்புழுக்களும் நத்தைகளும் வாழ்வதைக் கண்டார்கள். தரைக்கு மேலே இருப்பதையே இன்னும் எண்ணி முடிக்காத நாம், தரைக்குக் கீழே குடியிருப்பவர்களைப் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறோம்.

இரும்புக் கவச நத்தைக்கு வருவோம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2019-இல் அதை அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆழ்கடல் சுரங்கத்தால் ஆபத்து என்ற காரணத்துக்காக அந்தப் பட்டியலில் ஏறிய முதல் பிராணி அதுதான். அன்றைக்கு அது வாழ்வதாகத் தெரிந்திருந்த ஊற்றுத் திடல்கள் மொத்தம் மூன்று. அவற்றில் இரண்டு, தாது தேடும் உரிமம் கொடுக்கப்பட்ட எல்லைக்குள் இருந்தன. ஒன்று ஜெர்மனிக்கு, ஒன்று சீனாவுக்கு. வெட்டி எடுப்பதற்கான விதிகளை எழுதி முடிக்கக் கடலடி ஆணையத்தில் நாடுகள் 2025-லும் கூடிப் பேசின, முடிவாகவில்லை.